டீ மேசைக்குப் பக்கத்தில் ஒரு கொலை: கோஸி மிஸ்டரி வாசிக்கத் தொடங்குவோருக்கு

கொலைக் கதை என்றாலே ரத்தம், பிணவறை, படித்த ராத்திரி தூக்கம் போவது என்று ஒதுங்கியே இருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கென்றே ஒரு வகை இருக்கிறது. சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கொலை நடக்கும், ஆனால் நம் கண்முன் நடக்காது. துப்புத் துலக்குகிறவர் தோட்டத்தில் களை பிடுங்கும் முதிய பெண்மணியாக இருப்பார், பேக்கரி நடத்துகிறவராக இருப்பார், ஓய்வு பெற்ற நர்ஸாக இருப்பார். போலீஸ் சம்பளம் வாங்குகிறவராக மட்டும் இருக்க மாட்டார். கடைசிப் பக்கத்துக்குள் உண்மை வெளியே வந்தே தீரும். இதைத்தான் கோஸி மிஸ்டரி என்கிறார்கள். வாசகர்கள் பேச்சில் சுருக்கமாகக் ‘கோஸி’.

அமெரிக்காவில் 1989 முதல் ‘மாலிஸ் டொமஸ்டிக்’ என்ற வாசகர் மாநாடு நடந்து வருகிறது. அங்கே வழங்கப்படும் அகதா விருது ஒரு டீ பாட் வடிவில் இருக்கும். அப்பட்டமான பாலியல் காட்சியும் தேவையில்லாத ரத்தக்களரியும் இல்லாத மர்மக் கதைகளுக்குத்தான் அந்த விருது. இந்த வகையின் எல்லை எது என்று புரிந்துகொள்ள இதுவே போதும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: “ஐம்பது பக்கம் ஆச்சு, டீ குடிச்சுப் பேசிக்கிட்டே இருக்காங்க, ஒண்ணும் நடக்கலை.” இந்த இடத்தில்தான் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஏனென்றால் அந்தப் பேச்சுக்குள்தான் துப்பு கிடக்கிறது. கொலைக்கு நடுவே இடம் நிரப்ப வைத்த பேச்சு என்று நினைத்துத் தாண்டிப் போனால், கோஸியில் மிஞ்சுவது யார் கொலைகாரர் என்ற ஒற்றைத் தகவல்தான். கீழே சொல்லும் படிகள் எல்லாமே அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கப் பழகுவதற்கானவை.

1. நாவலுக்கு முன் ஒரு சிறுகதை

கிராமத்து முதிய பெண்மணியான மிஸ் மார்ப்பிள் என்ற துப்பறியும் பாத்திரத்தை ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி முதலில் அறிமுகப்படுத்தியது 1927-இல், ‘தி ட்யூஸ்டே நைட் க்ளப்’ என்ற சிறுகதையில். 1932-இல் வந்த ‘தி தர்ட்டீன் ப்ராப்ளம்ஸ்’ தொகுப்பில் முதல் கதை அதுதான். ஒரே மூச்சில் படித்துவிடலாம். இந்த வகை எப்படி வேலை செய்கிறது என்று காட்ட இதைவிடக் கச்சிதமான கதை எனக்குத் தெரியாது. அதனால் இந்த ஒன்றின் முடிச்சை மட்டும் இங்கே அவிழ்க்கப் போகிறேன். தானாகவே கண்டுபிடிக்க ஆசைப்படுகிறவர்கள் இரண்டாம் படிக்குப் போய்விடுங்கள்.

செயின்ட் மேரி மீட் கிராமம், மிஸ் மார்ப்பிள் வீடு. ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் ஆணையர் சர் ஹென்றி, ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு ஓவியர், மார்ப்பிளின் உறவினரான எழுத்தாளர் ரேமண்ட் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு மர்மம் சொல்ல வேண்டும், மற்றவர்கள் விடை சொல்ல வேண்டும் என்று ஒரு ஏற்பாடு. மூலையில் கம்பளி பின்னிக்கொண்டிருக்கும் மார்ப்பிளைக் கணக்கில் சேர்க்கவே மறந்துவிடுகிறார்கள்.

சர் ஹென்றி சொல்லும் கதை இது: கணவர், மனைவி, மனைவிக்குத் துணையாகச் சம்பளத்துக்கு இருக்கும் பெண், மூவரும் ராத்திரி டின் லாப்ஸ்டர் சாப்பிடுகிறார்கள், அப்புறம் ட்ரைஃபிள் என்ற இனிப்பு. மூவருக்கும் உடம்பு முடியாமல் போகிறது. மனைவி மட்டும் இறந்துபோகிறார். பிறகு உடலைத் தோண்டியெடுத்துப் பார்த்தால் ஆர்சனிக். கணவர் தங்கியிருந்த ஹோட்டலில், அவர் கடிதத்தை ஒற்றியெடுத்த மையொற்றுத் தாளில், மனைவி இறந்தபின் என்று ஏதோ எழுதி, கூடவே ‘ஹண்ட்ரட்ஸ் அண்ட் தௌஸண்ட்ஸ்’ என்ற சொற்களும் தலைகீழாகப் பதிந்திருக்கின்றன. ஆயிரக்கணக்கில் பணம் வரப் போகிறது என்று எல்லோரும் அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் விஷம் எந்த உணவில் வந்தது என்பது யாருக்கும் பிடிபடவில்லை, மூவருமே ஒரே சாப்பாட்டைத்தானே சாப்பிட்டார்கள்?

மார்ப்பிளுக்குக் கேட்டதும் புரிந்துவிடுகிறது. ட்ரைஃபிளின் மேல் தூவும் வண்ண வண்ணச் சர்க்கரை மணிகளை இங்கிலாந்து வீடுகளில் அந்தப் பெயரில்தான் சொல்வார்கள். விஷம் அதில் இருந்தது. துணைப்பெண் உடம்பைக் குறைக்கச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தியிருந்தவர், இனிப்பைத் தொட்டிருக்கவே மாட்டார். அந்தத் தகவல் கதையில் வாசகருக்கும் போகிற போக்கில் சொல்லப்பட்டுவிட்டது! கணவர் மேலே இருந்ததைச் சுரண்டித் தள்ளிவிட்டுச் சாப்பிட்டிருப்பார். ஆணையருக்கும் வக்கீலுக்கும் கிடைத்த அதே சான்றுதான் மார்ப்பிளுக்கும் கிடைத்தது. சமையலறை தெரிந்தவர் ஒருவர் கேட்டதும் அது வேறு உருவம் எடுத்தது. தொழில்முறை சாராத துப்பறிவாளரின் பலம் இதுதான், இந்தக் கதைகள் இத்தனை காலம் பிடித்துப்போயிருப்பதற்குக் காரணமும் இதுதான்: வீட்டை நடத்திய அறிவுக்கு, நாலு மனிதரோடு பழகிய அறிவுக்கு, இங்கே மரியாதை உண்டு.

2. முதல் நாவலை உங்கள் ருசிக்கு ஏற்ப எடுங்கள்

‘இதைத்தான் படிக்க வேண்டும்’ என்று ஒரே புத்தகத்தைக் கையில் திணிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்களுக்கு எது பிடிக்கும் என்று பாருங்கள்.

பழைய இங்கிலாந்து கிராமம் வேண்டுமென்றால் அகதா கிறிஸ்டியின் ‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு’, 1950. காலையில் உள்ளூர்ப் பத்திரிகையைப் பிரித்தால், கல்யாண அறிவிப்பு போல ஒரு கொலை அறிவிப்பு: அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை, மாலை 6.30 மணி, லிட்டில் பேடக்ஸ் இல்லம், நண்பர்கள் இதையே அழைப்பாக ஏற்கவும். ஏதோ விளையாட்டு என்று நினைத்து அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு சாக்கோடு சரியாக வந்து சேர்கிறார்கள். முதல் அத்தியாயம் வீடு வீடாகப் போய், ஒவ்வொருவரும் அந்தப் பத்திரிகையை எப்படிப் படிக்கிறார்கள் என்று காட்டும். அதிலேயே பாதி ஊர் நமக்குப் பழகிவிடும். மார்ப்பிள் வரும் 12 நாவல்களில் புதியவருக்கு நான் முதலில் நீட்டுவது இதைத்தான். முதல் மார்ப்பிள் நாவலான ‘தி மர்டர் அட் தி விகரேஜ்’ 1930-இல் வந்தது. பாதிரியாரே கதை சொல்லுகிற அதன் குரல் அருமை, ஆனால் ஆட்கள் கூட்டம் அதிகம். இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

இன்றைய நடையில் வேண்டுமென்றால் ரிச்சர்ட் ஒஸ்மனின் ‘தி தர்ஸ்டே மர்டர் க்ளப்’, 2020. கென்ட் பகுதியில் ஒரு முதியோர் குடியிருப்பு. முன்னாள் உளவாளி, முன்னாள் நர்ஸ், முன்னாள் மனநல மருத்துவர், முன்னாள் தொழிற்சங்கத் தலைவர் என நாலு பேர் வியாழக்கிழமைதோறும் கூடிப் பழைய வழக்குகளைப் புரட்டுகிறார்கள். நர்ஸ் ஜாய்ஸின் நாட்குறிப்பாக வரும் அத்தியாயங்களைத் தவறவிடாதீர்கள். சிரிக்க வைத்துக்கொண்டே முதுமையையும் இழப்பையும் தொட்டுச் செல்கிற எழுத்து.

சாப்பாடு பிடிக்குமா? ஜோஆன் ஃப்ளூக்கின் ஹன்னா ஸ்வென்சன் தொடர் இருக்கிறது. மினசோட்டாவில் குக்கீ கடை நடத்தும் பெண், கடையின் பின்பக்கச் சந்தில் கொலை, நடுநடுவே செய்முறைக் குறிப்புகள். பூனை பிடித்தவர்களுக்கு லிலியன் ஜாக்சன் ப்ரான் 1966-இல் தொடங்கிய தொடர், பத்திரிகையாளர் ஒருவரும் அவருடைய சயாமீஸ் பூனையும். சண்டைக்கார நாயகி வேண்டுமென்றால் எம்.சி. பீட்டனின் அகதா ரெய்சின், 1992. லண்டனில் மக்கள் தொடர்பு நிறுவனம் நடத்திவிட்டுக் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதிக் கிராமம் ஒன்றில் குடியேறுகிற இவர், ஊரில் பெயர் வாங்கக் கடையில் வாங்கிய கீஷ் என்ற முட்டைப் பண்டத்தைத் தன் கைப்பக்குவம் என்று போட்டியில் வைக்கிறார். அதைச் சாப்பிட்ட நடுவர் இறந்துபோகிறார்.

கொலையே வேண்டாம் என்கிறவர்களுக்கும் இடம் உண்டு. அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித்தின் ‘தி நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி’, 1998, ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில் நடப்பது. அப்பா விட்டுப்போன மாடுகளை விற்று அலுவலகம் திறக்கிறார் மா ரமோட்ஸ்வே. தொழிலாகச் செய்கிறார் என்பதால் அமெச்சூர் கணக்கில் வர மாட்டார், ஆனால் அவர் முறை முழுக்க மார்ப்பிள் வழிதான். ‘நான்தான் உன் அப்பா’ என்று சொல்லி வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டவர் நிஜமாகவே அப்பாதானா என்பது போன்ற வழக்குகள்.

நம் பக்கத்தில் இந்த மனநிலைக்குக் கிட்டே வருவது 1940-களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு. ரத்தமில்லாத, வீட்டில் உரக்கப் படிக்கத் தக்க துப்பறியும் கதைகள். ஒரு வித்தியாசம் மட்டும் பெரியது: சாம்புவுக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்கும், கோஸி நாயகிக்குக் கவனிப்பு கைகொடுக்க வேண்டும்.

3. பெயர்ச் சீட்டு ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்

ஆங்கில நாவலில் நம் வாசகர்கள் தடுக்கி விழுவது பெயரில்தான். கிறிஸ்டியின் ‘தி பாடி இன் தி லைப்ரரி’யில் ஒரே மனிதர் மனைவிக்கு ஆர்தர், வேலைக்காரர்களுக்குக் கர்னல், மற்றவர்களுக்குக் கர்னல் பான்ட்ரி. மூன்றும் ஒருவர் என்று மனதில் பதிவதற்குள் இரண்டு அத்தியாயம் ஓடிவிடும். ஒரு தாளை நாலாக மடித்துப் புத்தகத்துக்குள் வையுங்கள். புதிதாக ஒருவர் வரும்போது முழுப் பெயர், யார் எப்படி அழைக்கிறார்கள், யாருக்கு என்ன உறவு, ஊருக்கு எப்போது வந்தார் என்று ஒரு வரி. இந்தக் கடைசிக் குறிப்பை விட்டுவிடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு’ நாவலில் மார்ப்பிள் ஓரிடத்தில் விளக்குவார்: முன்பெல்லாம் யார் யார் என்று ஊருக்கே தெரியும், புதிதாக வருகிறவர் தெரிந்தவர் ஒருவரின் கடிதத்தோடு வருவார், போருக்குப் பிறகு அந்த வழக்கம் போய்விட்டது, இப்போது ஒருவரைப் பற்றி அவரே சொல்வதுதான் நமக்குத் தெரிந்தது. 1950-இன் இங்கிலாந்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. அப்போது ரேஷன் நடைமுறையில் இருந்தது. அடையாளம் என்பதே கூப்பன் புத்தகமும் அடையாள அட்டையும்தான். கிராமத்தில் கூப்பனுக்கு வெளியே வெண்ணெய் ரகசியமாகக் கைமாறுகிறது என்ற செய்தி நாவலில் சாதாரண அரட்டையாக வரும். அரட்டை என்று கடந்துவிடாமல், யார் யார் வீட்டுக்குள் எந்தச் சாக்கில் நுழைய முடிகிறது என்று பாருங்கள்.

பின்னணியில் இன்னும் இரண்டு மூன்று விஷயம் தெரிந்தால் போதும். விகரேஜ் என்பது சர்ச் பாதிரியார் குடும்பத்தோடு வசிக்கும் வீடு, ஊர்ச் செய்தி எல்லாம் வந்து சேரும் இடம். உயில் எழுதும் வக்கீல் வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள், பழைய கோஸிகளில் சொத்து இல்லாமல் கொலை குறைவு. வேலைக்காரப் பெண் சொல்வதை மற்ற பாத்திரங்கள் அலட்சியப்படுத்துவார்கள், நீங்கள் அலட்சியப்படுத்தாதீர்கள்.

4. பேச்சில் எதைக் கவனிப்பது

தினசரி வழக்கத்தில் ஒரு சின்னப் பிசகு. எப்போதும் பூட்டியிருக்கும் கதவு திறந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை வர வேண்டியவர் வியாழக்கிழமை வந்தார், விளக்கு வேறு மேசையில் இருக்கிறது. இதை யாராவது ஒருவர் பேச்சுவாக்கில் சொல்வார். கேட்கிறவர் உடனே பேச்சை மாற்றுவார். அந்த மாற்றத்தை நம்பாதீர்கள்.

ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேர் சொன்னால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் பார்த்தது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு என்று பிரித்துவிட்டால் பல முடிச்சு தானாக இளகும். நேரம் பற்றி யாராவது கேட்காமலே துல்லியமாகச் சொன்னால், அந்த நேரம் அவருக்கு ஏன் தேவைப்படுகிறது என்று ஒரு கேள்வி எழுதி வையுங்கள்.

மார்ப்பிளின் முறை இன்னொன்று உண்டு, அதைக் கடன் வாங்கலாம். புதிய ஆளைப் பார்த்ததும் தன் ஊரில் முன்பு பார்த்த யாரையோ அவர் நினைத்துக்கொள்வார். மீன் கடைக்காரர், பழைய வேலைக்காரப் பெண், பக்கத்துத் தெருப் பையன். முகம் ஒத்துப்போகிறது என்பதற்காக இல்லை, நடத்தை ஒத்துப்போகிறது என்பதற்காக. கிறிஸ்டி தன் பாட்டியின் சாயலை மார்ப்பிளுக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார்: எல்லோரிடமும் மோசமானதையே எதிர்பார்ப்பார், பயமுறுத்தும் அளவுக்கு அது சரியாகவும் இருக்கும். நாவலில் ஒருவர் உங்களுக்குத் தெரிந்த யாரையாவது ஞாபகப்படுத்தினால் அந்த எண்ணத்தைத் தள்ளிவிடாமல் பின்தொடருங்கள்.

விஷம் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். முதல் உலகப் போரின்போது டார்க்கி நகர மருத்துவமனையில் மருந்து கலக்கும் பிரிவில் வேலை பார்த்தவர் கிறிஸ்டி. எந்த மருந்து எவ்வளவு நேரத்தில் என்ன செய்யும் என்று தெரிந்து எழுதியவர். அதனால் அறிகுறிகளை அவர் வர்ணிக்கும் வரிகளை இரண்டாம் முறை படிப்பது வீண் போகாது.

5. கடைசி அத்தியாயங்களுக்கு முன் நிறுத்துங்கள்

பெரும்பாலான கோஸிகளில் துப்பறிகிறவர் “எனக்குப் புரிந்துவிட்டது” என்று சொல்லி, காரணத்தைச் சொல்லாமல் ஒரு வேலைக்குக் கிளம்பும் இடம் ஒன்று வரும். அங்கே புத்தகத்தை மூடுங்கள். அதற்குள் தேவையான எல்லாம் வாசகர் கையில் வந்திருக்க வேண்டும் என்பது இந்த எழுத்தாளர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட நேர்மை. 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார்-எழுத்தாளர் இதற்குப் பத்து விதிகளே எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும், அமானுஷ்யம் கூடாது, துப்பறிகிறவர் துப்பை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பவை அவற்றில் முக்கியமானவை.

ஆகவே உங்கள் சீட்டின் பின்பக்கம் மூன்று வரி எழுதுங்கள்: யார், ஏன், எந்தத் துப்பை வைத்துச் சொல்கிறேன். மூன்றாவது வரிதான் கஷ்டம், அதுதான் சுகமும். ஆள் சரியாகி, துப்பு தவறாகிவிட்டால் மதிப்பெண் கிடையாது என்று எனக்கு நானே வைத்திருக்கும் கறார். வீட்டில் இன்னொருவரும் அதே புத்தகத்தைப் படிக்கிறார் என்றால் இன்னும் நல்லது, சீட்டை மாற்றிக்கொண்டு விவாதிக்கலாம்.

6. வரிசை, விலை, சில எச்சரிக்கைகள்

மார்ப்பிளை எந்த வரிசையிலும் படிக்கலாம். ஒஸ்மன், அகதா ரெய்சின், ஹன்னா ஸ்வென்சன் தொடர்களை முதல் புத்தகத்திலிருந்தே படியுங்கள். காதல், கல்யாணம், மரணம் எல்லாம் புத்தகத்துக்குப் புத்தகம் தொடரும்.

கிறிஸ்டி இறந்தது 1976. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு, எனவே வாட்ஸ்அப்பில் சுற்றும் பி.டி.எஃப். சட்டப்படி சரியானதல்ல. பழைய புத்தகக் கடைகளில் கிறிஸ்டி தாராளமாகக் கிடைப்பார், நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். காசில்லாமல், சட்டப்படியே படிக்க வேண்டுமென்றால் ஜி.கே. செஸ்டர்டனின் ஃபாதர் ப்ரௌன் கதைகள் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் உள்ளன. முதல் தொகுப்பு 1911. மற்றவர்கள் வந்து சொல்லும் பாவங்களைக் கேட்டுக் கேட்டே மனித மனத்தின் இருட்டைத் தெரிந்துகொண்ட ஒரு குட்டைப் பாதிரியார் அதில் துப்பறிகிறார். செஸ்டர்டனின் ஆங்கிலம் கொஞ்சம் சுற்றிச் சுற்றிப் போகும், அதனால் முதல் படியாக வேண்டாம்.

பழைய புத்தகங்களில் வேலைக்காரர்களைப் பற்றியும் வேற்று இனத்தாரைப் பற்றியும் முகம் சுளிக்க வைக்கும் வரிகள் வரும். அவை அந்தக் காலத்தின் தவறுகள், தவறு என்று சொல்லியபடியே படிக்கலாம். புதிய அமெரிக்கத் தொடர்களில் வேறு பிரச்சினை: நாயகியின் உறவினரோ காதலரோ வசதியாகப் போலீஸில் இருப்பார், துப்பு தானாக வந்து மடியில் விழும், நாயகி கொலைகாரரைத் தனியாகச் சந்திக்கப் போவார். ஒரு தொடரில் இது இரண்டாவது முறை நடந்தால் நான் நிறுத்திவிடுவேன். நல்ல கோஸியில் நாயகிக்கு உள்ளே நுழைய வழி அவருடைய வேலையாலோ பழக்கத்தாலோ கிடைக்கும்.

7. அதே புத்தகத்தை இன்னொரு முறை

மர்மக் கதையை ஒருமுறைதான் படிக்க முடியும் என்பது கோஸிக்குப் பொருந்தாது. முதல் நாவலை முடித்த ஒரு வாரத்துக்குள் முதல் மூன்று அத்தியாயத்தை மறுபடி படியுங்கள். இந்த முறை கொலைகாரர் யார் என்று தெரியும். அவர் முதலில் அறைக்குள் வரும் காட்சியில் என்ன பேசுகிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேக்கை நீட்டுகிறார் என்று பாருங்கள். எழுத்தாளர் பொய் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் தாண்டிப்போன வரியும் அங்கேயே இருக்கும். அதைப் பென்சிலால் கோடிட்டு வைத்துவிட்டு இரண்டாவது நாவலை எடுங்கள். அதில் ஐம்பது பக்கத்துக்கு டீ குடித்தாலும் உங்களுக்குப் பொழுது போதாது.